முன்சீட்டுக்காரி

அய்யய்ய, அப்பிடி வெடுக்குன்னு இழுக்கக் கூடாது தம்பி. இது பஸ் கதவு இல்ல. மொதல்ல கைப்பிடியத் தூக்குங்க. ம். இப்ப உங்க பக்கமா லேசா இழுங்க, பெறகு பைய பின்னால தள்ளுங்க. பாத்தீகளா, எப்பிடி நழுவிக்கிட்டுப் போகுது. இந்தக் கதவுக்காகத்தான் எங்க வீட்டுக்காரவுக இந்த வேன எடுத்ததே. நம்ம போடி பஜார்ல கார்க் கதவத் தொறந்தா ஒண்ணு சைக்கிள்காரன் மேல இடிக்கும், இல்ல மாட்டு மேல இடிக்கும். இது வண்டியோட ஒட்டிக்கிட்டே பின்னால போயிரும். அங்கிட்டுக் கதவு கெடையாது, தேடாதீக. புள்ளைக ரோட்டுப் பக்கமா எறங்கிறக் கூடாதுன்னு ரோசன பண்ணித்தான் ஒத்தக் கதவோட விட்டுருக்காக. உங்களுக்கு மூணு புள்ளைகன்னு சொன்னீக, அப்ப உங்களுக்குன்னே செஞ்ச வண்டிதான்.

ஏறிப் பாருங்க. செருப்போடயே ஏறுங்க, பரவால்ல. எங்க வீட்டுக்காரவுக இங்கன நின்னாத்தான் கழட்டச் சொல்லுவாக. வண்டி வந்த புதுசுல காய்க்கட கர்ணன் சேத்துக் காலோட ஏறிட்டான்னு எறக்கி விட்டு, செம்புல தண்ணி குடுத்து, காலக் கழுவ வச்சு மறுபடி ஏத்துனாக. அம்புட்டுப் பிரியம் வண்டி மேல. என்னயக் கூட அப்பிடிப் பாத்துக்கிட்டது கெடையாது.

அவுகளா? உள்ளதான் இருக்காக, பின் ரூம்புல. வெளிய வர மாட்டாக. நாஞ் சொல்றேன் கேளுங்க. ஞானதுரைக்குத் தெரிஞ்சது அம்புட்டும் இந்தச் சுகிர்தத்துக்கும் தெரியும்.

நடு சீட்டப் பாத்தீகளா? அந்த முதுகுப் பலகைய ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்னால தள்ளுங்க. அட தள்ளுங்க, ஒடையாது. இப்ப சீட்டு பின்னால பாத்து இருக்கா? ரயிலுல மாதிரி எதுக்கெதுக்க உக்காந்து பேசிக்கிட்டே போகலாம். வேளாங்கண்ணி போறப்ப அப்பிடித்தான் போனோம். நடுவுல இட்லித் தூக்க வச்சுக்கிட்டு, சுத்தி உக்காந்து, வழி நெடுக தின்னுக்கிட்டே போனோம். பின் சீட்டு இருக்கே, அத அப்பிடியே மடக்கிட்டா தரையோட தரையாயிரும். மெத்தைய விரிச்சா கட்டிலு. ராத்திரி பகல்னு பாக்காம பேறுகாலத்துக்கு யாரு வந்து கூப்புட்டாலும் கைலியோட எந்திரிச்சு வண்டிய எடுத்துருவாக. தேனி ஆசுபத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள இந்தப் பின் சீட்டுலயே பொறந்த புள்ளையும் உண்டு. அந்தப் பயலுக்கு ஞானதுரைன்னே பேரு வச்சுட்டாக. எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தலகால் புரியல.

வாசமா? ஏலக்கா. எங்க யாவாரமே ஏலக்காதான, யாவாரிகளுக்கு மாதிரி காட்டுற மூட்டைய இதுலதான் கொண்டு வருவாக. சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. உங்களுக்குப் பிடிக்கலன்னா சொல்லுங்க, வேப்பெலையப் போட்டு ஒரு நாள் பூட்டி வச்சுத் தர்றேன். பிடிக்குதா? அப்பச் சரி.

இஞ்சின முன்னால தேடுனா எப்பிடி? இதுக்குத்தான் மூக்கே கெடையாதே, மொட்ட மூஞ்சிதான. முன்னால இந்தப் பக்கத்துச் சீட்டத் தூக்குங்க. ஆமா, அதே. அடியில பாருங்க. சட்டிக்குள்ள வச்ச மாதிரி இருக்கா? இத்தன வருசமும் நான் இஞ்சின் மேலதான் உக்காந்து போயிருக்கேன். சித்திர மாசம்னா சேல பொரிஞ்சிரும். சாக்க நனைச்சு நாலா மடிச்சுப் போட்டுக்கிருவேன். ஆயில் பாக்கணும்னா நான் எறங்கணும், தண்ணி ஊத்தணும்னா நான் எறங்கணும். எங்க வீட்டுக்காரவுக கேலி பண்ணுவாக, வண்டிக்கு மூடியே நீதாண்டின்னு.

கம்பெனி நிப்பாட்டிட்டாகளான்னு கேக்குறீக. நிப்பாட்டிட்டாக, அது நெசந்தான், மறைக்க மாட்டேன். வடக்க எங்கயோ சின்னக் கம்பெனி, பெருசுக வந்ததும் தாக்குப்பிடிக்க முடியல. அதுக்காகப் பயப்படாதீக. சாமான் மதுரையில தேடுனா கெடைக்கும். கெடைக்காதத நம்ம பொன்னுராஜ் பட்டறையில காச்சி அடிச்சுக் குடுத்துருவாரு. கதவோட உருளையே அவரு செஞ்சதுதான், நீங்க இழுத்துப் பாத்தீகள்ல, வித்தியாசம் தெரிஞ்சுச்சா?

முன்னால உக்காருங்களேன். இல்ல இல்ல, டிரைவர் சீட்டுக்கு அப்பறம் போகலாம். இங்கன, என் எடத்துல உக்காருங்க. உக்காந்து கண்ணாடிய நேராப் பாருங்க. எப்பிடி இருக்கு? மத்தக் கார்ல எல்லாம் முன்னால ஒரு நீட்டம் இருக்கும், கண்ணு அதத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போகும். இதுல காலுக்குக் கீழயே ரோடு ஓடும். பயமா இருக்கும் மொதல்ல. எதுக்க வர்ற லாரி மடியில வந்து உக்காரப் போகுதுன்னு தோணும். பழகிருச்சுன்னா, ரோட்டுல ஒரு கோழி கிராஸ் பண்ணுதுன்னாலும் மொதல்ல நம்ம கண்ணுக்குத்தான் தெரியும். இந்தா இந்தக் கம்பியப் பிடிச்சுக்கிறணும். இதுல பெயின்டு போயிருக்கு பாருங்க, அது என் கைதான்.

ஆமா தம்பி, நசுங்கல்தான். இடது பக்க மூல. நல்ல வேள, நீங்களாக் கேட்டீக. மறைக்காமச் சொல்லிரு சுகிர்தம், வாங்குறவுகளுக்கு எல்லாம் தெரியணும்னு சொல்லித்தான் என்னய அனுப்பிருக்காக. பொன்னுராஜ் தட்டி நிமித்திட்டாரு, பெயின்டு மட்டுந்தான் தனியாத் தெரியுது.

போன மாசம் தேனியில இருந்து வந்துக்கிட்டிருந்தோம். நானும் அவுகளும் மட்டுந்தான். கோடாங்கிபட்டி தாண்டி இங்கிட்டு, புளியமரத்தடியில ஒரு வைக்கோல் வண்டி நின்னுச்சு. ரோட்ட அடச்சுக்கிட்டு இல்ல, ஓரமாத்தான் நின்னுச்சு. மாட்ட அவுத்து அங்கிட்டுக் கட்டிருந்தாக. வண்டிக்காரரு சக்கரத்துக்கிட்டக் குத்தவச்சு அச்சுக்கு மை போட்டுக்கிட்டு இருந்துருக்காரு. நம்ம வேன் மூல வண்டியில முட்டவும் அந்த மாட்டுவண்டிச் சக்கரம் ஏறிருச்சு அவரு கால் மேல. தொட எலும்பு போச்சு. ராக்கப்பன்னு பேரு, மார்க்கையன்கோட்டைக்காரரு. உங்க சின்னமனூர்ப் பக்கந்தான், தெரியுமா? தெரியாதா. சரி.

உசுருக்கு ஒண்ணுமில்ல, ஏசப்பா புண்ணியம். கால்தான். இனி வண்டி பூட்டவோ ஏர் பிடிக்கவோ முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கேசு கீசுன்னு ஒண்ணும் இல்ல, நீங்க அதுக்குப் பயப்பட வேணாம். போலீசு கேட்டதுக்கு ராக்கப்பனே, மரத்து நெழல்ல நிறுத்துனது என் தப்பு சாமின்னு சொல்லிட்டாரு. படுத்த படுக்கையில சொல்றாரு. இவுக என்னன்னா, இல்ல இல்ல, என் தப்பு, எனக்குக் கண்ணு தெரியாதுன்னு ஸ்டேஷன்லயே அழுகுறாக. பாஸ்டர் ஐயா வந்து, யாரு தப்பும் இல்ல, கர்த்தர் சித்தம்னாரு. ஆளாளுக்கு எடுத்து மேல போட்டுக்கிட்டாக. நான் ஆசுபத்திரிக்குச் சோறு கொண்டு போறேன். தினமும் போறேன். அந்தம்மா, ராக்கப்பன் சம்சாரம் சோணையம்மா, என் கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிறா. மகராசி, நீங்க நல்லா இருக்கணும்ங்கிறா. கையில நெருப்ப வச்ச மாதிரி இருக்கு எனக்கு. உதறவும் முடியல.

கண்ணா? அதச் சொல்லாம விட்டுட்டேனா. கண்ணுல நீரழுத்தமாம். ஓரத்துல இருந்து பார்வ சுருங்கிக்கிட்டே வருமாம். நேரா இருக்குறது தெரியும், பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது. ஒரு குழாயக் கண்ணுல வச்சுப் பாக்குற கணக்கு. மதுரையில பெரிய டாக்டர்கிட்டப் போனோம். இவுக மட்டும் உள்ள போயிட்டு வந்து, ஒண்ணுமில்ல, கண்ணாடி மாத்தணுமாம்னு சொல்லிட்டாக. நான் கதவுக்குப் பின்னாலதான நின்னேன். வண்டிய மட்டும் தொடாதீகன்னு டாக்டர் சத்தம் போட்டது எனக்குக் கேட்டுச்சு. கேட்டதா நான் காட்டிக்கல.

அப்பத்தான கவனிக்க ஆரம்பிச்சேன். கொடைக்கானல்ல டவர் வச்சாகன்னு டி.வி. வாங்கினோம். கிட்ட உக்காந்துக்கிட்டு, இந்த மூலையில ஒருத்தன் பேசுறான், அந்த மூலையில யாரு பேசுறதுன்னு கேப்பாக. கடையில ஏலக்காய முன்னெல்லாம் வெளிச்சத்துல தூக்கிப் பாத்து ரகஞ் சொல்லுவாக. இப்ப உள்ளங்கையில வச்சு உருட்டி, மோந்து பாத்துச் சொல்றாக. வர்ற யாவாரிக எல்லாம், ஆகா, முதலாளி கண்ண மூடிக்கிட்டே ரகஞ் சொல்றாகன்னு புகழ்றாக. நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன்.

சொல்லிருக்கலாம்ங்கிறீக. எப்பிடிச் சொல்ல? இந்த ஊருல வேன் இருக்குறதுனாலதான் அவுக எல்லாருக்கும் மாமா. கல்யாணமா, மாமாவக் கூப்புடு. சாவா, மாமாவக் கூப்புடு. வண்டி இல்லன்னா கடையும் வீடுந்தான். ஒருக்க மட்டும் சொல்லிப் பாத்தேன். டிரைவர் ஒருத்தரு வச்சுக்கிருவோமேங்கன்னேன். அன்னைக்கு மத்தியானம் சாப்புடல. சாயங்காலமும் சாப்புடல. என் வண்டியில எவனோ உக்காரணுமான்னு கேட்டாக, கண்ணு கலங்கிருச்சு. அதோட விட்டுட்டேன்.

அதுக்கப்பறந்தான் நான் ஒரு தடவ விடாம முன்சீட்டுல ஏற ஆரம்பிச்சது. நீங்க வண்டி ஓட்டுவீகளாம்மான்னு கேட்டீகளே, நான் ஸ்டேரிங்கத் தொட்டது கூட இல்ல தம்பி. ஆனா கடேசி ஒரு வருசம் இந்த வண்டிய யாரு ஓட்டுனதுன்னு கேட்டா, எனக்கே பதில் தெரியல.

எப்பிடின்னா, வெறுமனே ஆடு வருது மாடு வருதுன்னு சொல்ல முடியுமா? ரோசக்காரவுக. அதுனால ஊர்க்கத மாதிரிப் பேசுவேன். அந்தா பாருங்க, இடது பக்கம் போறது சீனிச்சாமி மாடுதான, எம்புட்டு எளச்சுப் போச்சும்பேன். பைய வலது பக்கமா ஒடிப்பாக. இந்தப் பொம்பள வலப்பக்கம் நிக்கிறாளே, கிராஸ் பண்ணுவா போல இருக்கு, கட்டிருக்குற சேலையப் பாருங்க, நம்ம மக கிருபாவதி சேல மாதிரியே இல்லம்பேன். பிரேக்கு விழும். பஸ்ஸு ஒண்ணு பின்னாடி வந்துச்சுன்னா, யப்பா, இவன் என்னத்துக்கு இப்பிடி ஆரன் அடிக்கிறான், வலப்பக்கம் ஏறுறானேம்பேன். வழி நெடுக ஓயாமப் பேசுவேன். பேசுறதுக்கு ஆள் இல்லாத வெட்ட ரோடா இருந்தா பாட்டுப் பாடுவேன். பாட்டு ஓடுச்சுன்னா ரோட்டுல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். பாட்ட நிறுத்தி அந்தா பாருங்கன்னா, என்னமோ வருது. இப்பிடி ஒரு பழக்கம் ஆயிருச்சு. நானாத்தான் ஏற்படுத்துனேன், அவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

ஊருல எனக்கு ரேடியோன்னு பேரு. சர்ச்சுல பொம்பளைக கூடுனா, சுகிர்தம் அக்கா புருசன ஒத்தையில தேனிக்குக் கூட விட மாட்டாகப்பா, எவளாவது கொத்திக்கிட்டுப் போயிருவான்னு பயம்னு கிண்டல். சிரிச்சுக்கிட்டே இருப்பேன். வீட்டுல வேல கெடக்கும், எனக்கு முட்டுக்காலு வலிக்கும், காய்ச்சலா இருக்கும், எப்பிடி இருந்தாலும் சாவிச் சத்தங் கேட்டா எந்திரிச்சு ஓடுவேன். நாங் கடைக்குப் போயிருந்த நேரம் பாத்து அவுக கெளம்பிட்டாகன்னா, அவுக திரும்புற வரைக்கும் வாசல்லயே நிப்பேன்.

தப்புதான். இல்லங்கல. சின்னப் புள்ளைக இந்த வேன்ல ஏறிருக்கு. மாசமா இருந்தவுக ஏறிருக்காக. என் ஒருத்தி வாய் பாத்துக்கிரும்னு நெனச்சு ஊரையே ஏத்தி விட்டுருக்கேன். அவுக மனசு நோகக் கூடாதுன்னு அடுத்தவுக உசுர வச்சு வெளையாடிருக்கேன்.

இதுலதான், வைக்கோல் வண்டியில இடிக்கிறதுக்கு முன்ன, மக கிருபாவதி நாகர்கோவில்ல இருந்து எழுதிட்டா, பரீச்ச லீவுக்குப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வர்றேன்னு. இவுக அன்னைல இருந்து ஒரே குதியாட்டம். பேரப்புள்ளைகள ஏத்திக்கிட்டு போடிமெட்டு ஏறணும், ஏலத் தோட்டம் காட்டணும், மேல போய்ப் பொங்கித் திங்கணும்னு. நடு சீட்டத் திருப்பிப் போட்டு தொடச்சு வச்சாச்சு. போடிமெட்டு தெரியும்ல உங்களுக்கு? கொண்டையூசி மாதிரி வளஞ்சு வளஞ்சு ஏறும். ஒரு பக்கம் பாற, ஒரு பக்கம் கெடங்கு. அங்கன போய் நான் என்னத்தக் கத சொல்ல? வளவுக்கு அங்கிட்டு இருந்து லாரி வர்றது எனக்கே தெரியாதே. மககிட்ட போன்ல சொன்னேன், அப்பாவுக்கு முன்ன மாதிரி இல்ல, பஸ்லயே போவோம்னு. உங்க பயமே பெரிய பயம்மான்னு சிரிச்சுட்டு வச்சுட்டா. அந்த எடத்துல நெசத்தச் சொல்லிருக்கணும். சொல்லல. மகளுக்கு முன்னால அவுகளக் கொறச்சுப் பேச வாய் வரல எனக்கு.

தண்ணி குடிக்கிறீகளா? மோர் கொண்டாரட்டுமா? வேணாமா. சரி, எறங்காதீக, அங்கனயே இருங்க.

இப்ப அவுக எப்பிடி இருக்காகன்னு கேட்டீகன்னா, பாக்கவே முடியல தம்பி. கடைக்குப் போறதில்ல. சவரம் பண்றதில்ல. வண்டிச் சாவிய என் கையில குடுத்து, கண்ணுல காட்டாதன்னுட்டாக. ஆசுபத்திரிக்கு மட்டும் என் கூட வந்து ராக்கப்பன் கட்டிலுக்குக் கீழ உக்காந்து, அந்த மனுசன் கட்டுப் போட்ட காலத் தடவிக்கிட்டு இருக்காக. அந்தாளு கையெடுத்துக் கும்புடுறாரு, முதலாளி எந்திரிங்கன்னு. இவுக எந்திரிக்க மாட்டேங்குறாக. நாளான்னைக்கு ஞாயித்துக்கெழம. ஆராதனையில சாட்சி சொல்ல நேரங் கேட்டுருக்காக பாஸ்டர்கிட்ட. சபை முன்னால நின்னு, டாக்டர் சொன்னத மறச்சேன், கண்ணு தெரியாமலே உங்க புள்ளைகள ஏத்திக்கிட்டுப் போனேன், ஒரு மனுசன மொடமாக்கிட்டேன், நான் பாவின்னு சொல்லப் போறாக. வேணாங்கன்னு சொல்லிப் பாத்தேன். சொல்லித்தான் ஆகணும் சுகிர்தம், இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராதுங்குறாக. இத்தன வருசம் மாமா மாமான்னு கூப்புட்ட சனம் அம்புட்டும் உக்காந்து கேக்கும். பேறுகாலத்துக்கு ஏறுனவ எல்லாம் இருப்பா. பெறகு அந்த மனுசன் ரோட்டுல தலையத் தூக்கி நடப்பாகளா? எனக்கு அதான் தெரியல.

அதான் வண்டிய அதுக்குள்ள குடுத்துறணும்னு பாக்குறேன். சர்ச்சுல இருந்து திரும்பி வந்து இத வாசல்ல பாக்கக் கூடாது. வெலயெல்லாம் நீங்க சொல்றதுதான், அதுல ஒண்ணும் இல்ல. நல்ல மனுசரா தெரியுறீக. புள்ளகுட்டிக்காரரு. உங்க கண்ணு நல்லா இருக்குல்ல?

கோவிச்சுக்கிறாதீக. சும்மா கேட்டேன்.

நானும் எந்திரிக்கணுமான்னு ரோசன பண்ணிக்கிட்டே இருக்கேன் தம்பி. ஞாயித்துக்கெழம. அவுக எந்திரிச்சா நானும் பக்கத்துல எந்திரிக்கணும்ல? இங்கன பேசுறது அவுகளுக்கு வார்த்தையா வெளங்காது, சத்தமாத்தான் கேக்கும். அதுனால சொல்றேன். யாருகிட்டயும் சொல்லல. சோணையம்மாகிட்டச் சொல்லப் போய் ரெண்டு தடவ சோத்துப் பாத்திரத்த மட்டும் வச்சுட்டு வந்துட்டேன்.

அந்த வைக்கோல் வண்டி எனக்குத் தெரிஞ்சுச்சு.

நீங்க உக்காந்திருக்குற எடத்துலதான உக்காந்திருந்தேன். எப்பிடித் தெரியாமப் போகும்? ரொம்பத் தூரத்துலயே தெரிஞ்சுச்சு. பாட்டுப் பாடிக்கிட்டு வந்தேன். இடது பக்கம் மஞ்சளா, வீடு மாதிரி நிக்கிது. வைக்கோல்தான, மெத்துன்னுதான முட்டும்னு தோணுச்சு. மாடும் பூட்டல, ஆளும் இல்ல. லேசா ஒரு இடி இடிச்சு, லைட்டு ஒடஞ்சு, இவுகளுக்கு ஒரு பயம் வந்துருச்சுன்னா மலைக்கு வண்டிய எடுக்க மாட்டாக, எம் பேரப்புள்ளைக பொழச்சுக்கிரும்னு நெனச்சேன். ஒரு நொடியில நெனச்சது இல்ல தம்பி. நல்லா நெனச்சுத்தான் பாட்ட நிறுத்துனேன். பாட்ட நிறுத்துனா அந்தா பாருங்கன்னு சொல்லணும். சொல்லல. வாய இறுக்கி மூடிக்கிட்டு இந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டேன்.

கிட்ட வரவும் சக்கரத்துக்குப் பின்னால ஒரு முண்டாசு அசஞ்சுச்சு. அப்பவும் நேரம் இருந்துச்சு. ஏங்கன்னு ஒரு சத்தம் குடுத்துருந்தாப் போதும். ஊரே ரேடியோங்குது என்னய. ஓயாமப் பேசுற நாக்கு, அந்த நேரத்துல மேலண்ணத்துல ஒட்டிக்கிருச்சு, வரல.

அவுக பிரேக்குல கால வைக்கவே இல்ல. ரோட்டயும் பாக்கல. மொகத்த எம் பக்கமாத் திருப்பி, ஏன் சுகிர்தம், பேச்ச நிப்பாட்டிட்டன்னு கேட்டாக. கேட்டு முடிக்கல, இடிச்சிருச்சு.

அவுகளுக்கு அம்புட்டும் தெரிஞ்சிருக்கு தம்பி. நான் சீனிச்சாமி மாட்டப் பத்திப் பேசுனது எதுக்குன்னு தெரிஞ்சுதான், என் வாய நம்பி ஸ்டேரிங்கப் பிடிச்சிருக்காக. அன்னைக்கு நான் வாய மூடுனதும் தெரியும். இன்னைக்கு வரைக்கும் ஏன்னு மறுபடி கேக்கல. போலீசுகிட்டச் சொல்லல, பாஸ்டர்கிட்டச் சொல்லல. சபையிலயும் என் பேர எடுக்க மாட்டாக. எனக்குத் தெரியும் அவுகள.

...

இந்தா வர்றேங்க! இங்கனதான் இருக்கேன்! ஒண்ணுமில்லங்க, தம்பிக்கு வண்டியக் காட்டிக்கிட்டு இருக்கேன்!

ஒண்ணுமில்ல தம்பி. என் சத்தத்தக் காணோமேன்னு கூப்புடுறாக.